கொல்லிமலைக் காப்பியும் ஸ்காட்லாந்து ரொட்டியும்

(கொல்லிமலை செம்மேட்டில், மகளிர் குழுவினரும் காப்பிச் சாகுபடியாளரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலேறி வந்து, அரப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கையில் நீராடி, கைநிறைய மிளகும் அன்னாசியும் வாங்கிக்கொண்டு இறங்குகிற யாத்திரிகர்கள், ஊர் போய்ச் சேர்ந்தபின் இந்த மலையின் பெருமையைப் பேசத் தொடங்கினால், மூலிகையைச் சொல்கிறார்கள், சித்தர் குகைகளைச் சொல்கிறார்கள், கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியையும் மறவாமல் சொல்கிறார்கள். ஆனால் சில்வர் ஓக் மரத்து நிழலிலே காப்பிச் செடியும், அந்த மரத்தைப் பற்றியே மிளகுக் கொடியுமாக, ஒரே நிலத்தில் இரண்டு வாசனைப் பொருள்கள் இங்கே விளைகின்றன என்பதை எடுத்துச் சொல்பவர் மிகச் சிலரே. இதில் வியப்பில்லை. இங்கே விளைகிற காப்பி பெரும்பாலும் பழமாகவோ உலர்ந்த கொட்டையாகவோ மூட்டையில் ஏறிக் கீழே போய், ஏதோ ஓர் ஊரில் வறுபட்டு, ஏதோ ஒரு பெயர் தாங்கிய பொட்டலமாகிவிடுகிறது. அந்தக் காப்பியையும் மிளகையும், அவற்றோடு நீங்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்துவந்த சாமையையும் ஒருங்கே சேர்த்துச் செய்யத்தக்க ஒரு தின்பண்டத்தைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன். அது ஸ்காட்லாந்து தேசத்துப் பண்டம். ஷார்ட்பிரெட் என்பது அதன் பெயர். நம் டீக்கடைகளில் கண்ணாடி ஜாடிக்குள் இருக்கும் பட்டர் பிஸ்கட்டைத் தின்றவர்களுக்கு அதன் ருசி முற்றிலும் புதிதாக இராது.

தேனும் தினைமாவும் இருக்கிற மலையில் வெள்ளைக்காரன் ரொட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் பிறந்த இடத்தைப் பார்த்தே ஒரு பொருளைத் தள்ளுவதென்றால் இந்த மலையில் பல பொருள்களைத் தள்ளவேண்டி வரும். காப்பி அரபு நாட்டிலிருந்து பாபா புதன் என்னும் பெரியவர் வழியாக மைசூர்ச் சீமைக்கு வந்தது என்பது வழிவழியாக வழங்கும் கதை. நமக்கு அண்டை மலையாகிய சேர்வராயன் மலையிலே 1820களில் சேலம் ஜில்லாக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் அதைப் பயிராக்கினார். அன்னாசியும் மரவள்ளியும் தென்னமெரிக்கக் கண்டத்தவை. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக், ஆஸ்திரேலிய மரம். மிளகு ஒன்றுதான் நம்முடைய மேற்கு மலைகளின் சொந்தப் பொருள். அதைத் தேடித்தான் யவனர்கள் பொன்னோடு கப்பலேறி வந்தார்கள். ஆகவே ஒரு பண்டம் எங்கே பிறந்தது என்று ஆராய்வதைவிட, நம் தானியத்துக்கும் அடுப்புக்கும் தட்பவெப்பத்துக்கும் பொருந்துகிறதா என்று ஆராய்வதே விவேகம். நான் யோசித்துப் பார்த்த அளவில், மேல்நாட்டு அடுமனைப் பண்டங்கள் அத்தனையிலும் இந்த மலைக்கு நன்றாகப் பொருந்துவது ஷார்ட்பிரெட்தான்; பஞ்சு போன்ற ரொட்டியும் கேக்கும் அவ்வளவாகப் பொருந்தா. அது ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்த ஒரு மணி நேரத்தை உங்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஸ்காட்லாந்தில் இதைச் செய்யும் பிரமாணம் மிக எளியது. சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு, எல்லாம் எடைக் கணக்கில், அவ்வளவே. ஈஸ்ட் இல்லை, சோடா இல்லை, பால் இல்லை, முட்டையும் இல்லை. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் நின்றுகொண்டு முட்டை வேண்டாத பண்டத்தைப் புகழ்வது சற்று அதிகப்பிரசங்கித்தனம்தான். பண்ணைக்காரர்கள் பொறுத்தருள வேண்டும். 1736ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் மெக்லின்டாக் அம்மையார் பெயரால் அச்சான சமையல் புத்தகத்திலேயே இதன் செய்முறை இடம்பெற்றிருக்கிறது. வெண்ணெய் விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் சாதாரணக் குடும்பங்கள் இதைக் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் திருமணத்துக்கும் மட்டுமே செய்தன. வாசனைப் பொருள் சேர்ப்பதும் அவர்களுக்குப் புதிதன்று: யெட்ஹோம் என்ற ஊரின் பெயரால் வழங்கும் ஒருவகை ஷார்ட்பிரெட்டில் சர்க்கரைப்பாகேற்றிய இஞ்சித் துண்டுகள் சேர்வதுண்டு. நம் நாட்டுப் பக்கம் பார்த்தால், சூரத்திலே டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற அடுப்பில் பார்சிக்காரர் ஒருவர் செய்யத் தொடங்கியதாகச் சொல்லப்படும் நான்கடாய், நெய்யும் சர்க்கரையும் மாவுமாக இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. சரித்திரம் இவ்வளவு போதும். இனி மாவுக்கு வருவோம், ஏனெனில் விஷயம் முழுவதும் மாவிலேதான் அடங்கியிருக்கிறது.

கோதுமை மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால், அதிலுள்ள இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இழுவையான ஒரு வலையாகின்றன; குளூட்டன் என்றும் பசையம் என்றும் அதைச் சொல்கிறோம். பரோட்டா மாஸ்டர் மாவைக் கண்ணாடிபோல் மெலிதாக வீசி விரிப்பதும், ரொட்டி உள்ளே காற்றை அடக்கிக்கொண்டு உப்பி நிற்பதும் அந்த வலையின் பலத்தாலேயே. சாமைக்கும் தினைக்கும் கேழ்வரகுக்கும் அந்தப் புரதங்கள் கிடையா. அதனால்தான் சிறுதானியத்தில் ரொட்டி செய்யப் புகுந்தவர்கள் அது உப்பவில்லை, விண்டுபோகிறது, கல்லாகிறது என்று சலித்துக்கொண்டு, கடைசியில் முக்கால் பங்கு மைதாவைக் கலந்து, கால் பங்கு தானியத்தின் பெயரை மட்டும் உறையில் அச்சிடுகிறார்கள். அந்த வியாபாரத்தில் எனக்கு மதிப்பில்லை. ஷார்ட்பிரெட்டோ இதற்கு நேர்மாறான சுபாவம் உடையது. அங்கே பசையம் உண்டாகிவிட்டால் பண்டம் கெட்டது, தோல்போல் இழுபடும். வெண்ணெய் மாவின் ஒவ்வொரு துகளையும் போர்த்துத் தண்ணீர் அணுகாதபடி தடுப்பதாலேயே அது வாயில் வைத்ததும் மணல்மணலாக உதிர்ந்து கரைகிறது. அந்த உதிர்வை இன்னும் மிகுவிக்க வேண்டி ஸ்காட்லாந்துக்காரர்களே மாவில் ஒரு பகுதியைக் குறைத்து, அரிசிமாவோ ரவையோ சேர்ப்பது வழக்கம். அரிசிமாவு செய்கிற அதே காரியத்தைச் சாமைமாவும் செய்யும். ரொட்டியில் எது குறையோ அதுவே இங்கே குணம். சாமை இந்தப் பண்டத்தில் விருந்தாளியாக வந்து ஒதுங்கி நிற்கவேண்டியதில்லை. அதற்கு இங்கே செய்யவேண்டிய வேலை இருக்கிறது.

எவ்வளவு சேர்ப்பது என்பதில் நிதானம் வேண்டும். மாவில் மூன்றில் ஒரு பங்கு சாமையானால் பண்டம் கச்சிதமாக நிற்கும்; பாதிவரை போகலாம். கோதுமையே இல்லாமல் முழுதும் சாமையிலே செய்ததை வீட்டில் தட்டிலிருந்து எடுத்துத் தின்னலாமே தவிர, பஸ்ஸில் ஏற்றினால் 70 வளைவும் இறங்கி நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் பொடியாகிவிடும். இன்னொன்று: சாமையில் இயற்கையாகவே சிறிது எண்ணெய்ப்பசை உண்டு, மாவாக்கி நாள்கணக்கில் வைத்திருந்தால் சிக்கு வாடை அடித்துக் கசந்துபோகும். ஆகையால் உமி நீக்கிய அரிசியை அடிகனமான சட்டியில் வாசனை வருமட்டும் வறுத்து, ஆறவைத்து, தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்வது உத்தமம். வறுப்பதால் கசப்பை உண்டாக்குகிற நொதி அடங்குகிறது. அந்த வறுத்த மணம் காப்பியின் மணத்தோடு இசைந்தும் போகிறது.

கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று நீங்கள் பெயர் சொல்லிப் பிரித்தறிகிற இந்தத் தானியங்கள் இருந்த கொல்லைகளிலே, சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால் மரவள்ளி பரவியதை இங்குள்ள பெரியவர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். மரவள்ளிக்கு மாறியவர்களைக் குறை சொல்ல யாருக்கும் நியாயமில்லை. மரவள்ளியைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கைக்குக் காசு வருகிறது. சாமையையோ அறுத்து, அடித்து, உரலில் இட்டுக் குத்தி, புடைத்து எடுக்கவேண்டும், அத்தனை பாடும் பெண்களுடையது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டபோது, விதையைச் சேமிப்பதோடு நில்லாமல், ஊர்களில் அரவை இயந்திரங்களை அமைத்து அவற்றை மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்ததும், மாவும் ரவையும் சத்துமாவும் செய்து விற்கப் பழக்கியதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குத்துகிற பாடு குறைந்தால்தான் விதைக்கிற ஆசை மிஞ்சும் என்று அவர்கள் கண்டுகொண்டது சரியான கணிப்பு என்பது என் அபிப்பிராயம். நான் சொல்லும் பண்டம் அந்த வழியிலே இன்னொரு படி.

இனிக் காப்பி. தமிழ்நாட்டில் பிறந்த யாரிடமும் "ரொட்டியில் காப்பி வாசனை வரவேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கை தானாகவே பில்டரை நோக்கிப் போகும். முதல் டிகாஷனைக் கெட்டியாக இறக்கி மாவில் ஊற்றிப் பிசைவதே இயல்பான யோசனையாகத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. டிகாஷன் என்பது எவ்வளவு கெட்டியானாலும் பெரும்பகுதி தண்ணீரே. தண்ணீர் சேர்ந்த இடத்தில் பசையம் எழும்பும். மேலே நான் சொன்ன வெண்ணெய்ப் போர்வையின் பயன் அத்தனையும் பாழ். காப்பியைப் பொடியாகவேதான் சேர்க்கவேண்டும். பில்டருக்கு அரைக்கிற பொடி நாக்கில் நறநறக்கும்; ஆகையால் இன்னொரு முறை நைசாக அரைத்து, நம் நாட்டு வைத்தியர்கள் சூரணத்துக்குச் செய்வதுபோல வஸ்திரகாயம் செய்து, மெல்லிய துணியில் சலித்து எடுங்கள். அந்தப் பொடியை உருக்கிய வெண்ணெயில் சிறிது நேரம் ஊறவைத்து மறுபடி உறையவிட்டால், பொடியாக மாவில் தூவுவதைவிட மணம் பன்மடங்கு தெரியும். ஏனெனில் காப்பியின் வாசனைக்குக் காரணமான பொருள்களுள் பல கொழுப்பிலே எளிதாகக் கரைவன.

சிக்கரி வேண்டாம். கும்பகோணத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, இந்த ஒரு காரியத்துக்கு அது வேண்டாம். நம் நாட்டுச் சட்டம் காப்பி–சிக்கரிக் கலவையில் 49 சதவீதம்வரை சிக்கரியை அனுமதிக்கிறது. டம்ளரில் அது தரும் கெட்டியும் நிறமும் பாலோடு சேர்ந்து நன்றாக இருக்கலாம். வெண்ணெயில் வெந்தபின் வெறும் கசப்பே மிஞ்சும். தவிர, சிக்கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சுபாவமுடையது. மலைக்காப்பிக்கு மரியாதை செய்யப் புறப்பட்டுவிட்டு, பாதி அளவுக்கு வேறொரு செடியின் வேரைப் போடுவானேன்?

மிளகைப் பற்றி உங்களிடம் சொல்லப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆனாலும் ஒரு செய்தி. மிளகின் காரமும் மிளகின் வாசனையும் வேறுவேறு பொருள்களால் வருபவை. காரம் தருவது பைப்பரின். அது தண்ணீரில் எளிதில் கரையாது, நெய்யிலும் வெண்ணெயிலும் கரையும், அடுப்பின் சூட்டையும் தாங்கும். வாசனை தருவதோ ஆவியாகிப் போகிற எண்ணெய். இடித்து வைத்த மிளகில் அது நாளுக்கு நாள் குறைந்துவரும். ஆகவே அன்றன்று இடிக்கவேண்டும், அதுவும் ஒன்றிரண்டாக இடிக்கவேண்டும். கடிக்கும்போது முதலில் இனிப்பு, பின் காப்பியின் கசப்பு, அது அடங்கும் தறுவாயில் எங்கோ ஒரு மிளகுத் துணுக்கின் சுருக்கென்ற காரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவதே இதன் அழகு. பொடியாக்கிக் கலந்துவிட்டால் எல்லாம் ஒரே மந்தமாகிவிடும். மிளகோடு ஏலரிசி சிறிது சேரலாம். அரபு நாட்டார் காப்பியில் ஏலம் இடுவது பழைய சம்பிரதாயம். சுக்கும் நன்றாகவே சேரும். சுக்குக் காப்பி குடித்து வளர்ந்த நாக்குக்கு இதில் உடனே ஓர் உறவு தெரியும், அந்தச் சுக்குக் காப்பியில் காப்பியே இல்லாமற் போனாலும்கூட. பட்டையும் கிராம்பும் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிரியாணி ஞாபகத்தையே கொண்டுவருகிறது, அவரவர் ருசி.

அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மைதா 200 கிராம், வறுத்து அரைத்த சாமைமாவு 100 கிராம், வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், சலித்த காப்பிப்பொடி இரண்டு தேக்கரண்டி, ஒன்றிரண்டாக இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, ஆறு ஏலக்காயின் அரிசி, உப்பு கால் தேக்கரண்டி. சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச்சர்க்கரை போடலாமா என்று கேட்பீர்கள். காப்பிக்கும் அதற்கும் பொருத்தம் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் அது ஈரம் கோக்கும், பண்டம் விரைவில் நமுத்துப்போகும். விற்பதற்குச் செய்யும்போது கால் பங்குக்கு மேல் வேண்டாம். வீட்டில் கடைந்த வெண்ணெயானால் மோரும் நீரும் நன்றாக வடியும்படி பிழிந்தெடுக்க வேண்டும். கடை வெண்ணெயிலேயே நூற்றுக்குப் பதினைந்து பதினாறு பங்கு நீர் இருக்கும். நெய்யிலே செய்வதானால் 160 கிராம் போதும், உறைந்த நெய்யாக இருக்கவேண்டும்.

காப்பிப்பொடி ஊறி உறைந்த வெண்ணெயையும் சர்க்கரையையும் இலேசாகக் குழைத்து, மாவோடு மிளகையும் ஏலத்தையும் உப்பையும் கொட்டி, விரல் நுனியால் பிசிறிச் சேருங்கள். சப்பாத்திக்குப் பிசைகிற கை இங்கே உதவாது. உள்ளங்கையின் சூடு படாமல், கொழுக்கட்டை மாவைத் திரட்டுகிற இலேசான கையால், பிடித்தால் பிடிபடும் பக்குவத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். உருட்டி வழவழப்பாக்கும் ஆசை வந்தால் கையை எடுத்துவிடுங்கள். தட்டில் அரை அங்குலக் கனத்துக்குத் தட்டி, ஆவி வெளியேறுவதற்காக முள்கரண்டியால் நெடுகக் குத்தி, அரை மணி நேரம் குளிரவிட்டு, 150 முதல் 160 டிகிரி சூட்டில் நாற்பது, ஐம்பது நிமிஷம் வையுங்கள். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, மேலே மூடி, சிறுதீயில் வைக்கலாம். ரொட்டி சுட்டு முடித்த விறகு அடுப்பின் தணிந்த சூடு இருந்தால் அதைவிட விசேஷம் வேறில்லை. வெந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, காப்பிப்பொடியால் மாவு முதலிலேயே பழுப்பாகத்தான் இருக்கும். ஓரம் தொட்டால் இறுகியிருக்கவேண்டும், நடுப்பகுதி சற்றே அமுங்கவேண்டும், பச்சை மாவின் வாடை போய் வெண்ணெய் காய்ந்த வாசனை வரவேண்டும். எடுத்த சூட்டிலேயே கத்தியால் கோடு கிழித்துத் துண்டு போட்டுவிடுங்கள். ஆறியபின் வெட்டப்போனால் உதிரும்.

இந்த மலையின் தட்பவெப்பமும் இதற்குத் துணை நிற்கிறது. கீழே சித்திரை வெயிலில் வெண்ணெய் கையிலேயே உருகி ஓடும்; அங்கே ஐஸ்பெட்டி இல்லாமல் இதைச் செய்ய இயலாது. ஆயிரம் மீட்டருக்கு மேலே நீங்கள் இருக்கிறீர்கள். விடியற்காலையில் நெய் தானே உறைந்து நிற்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குச் சில டிகிரி முன்பாகவே கொதித்துவிடுவதாலும், காற்றின் அழுத்தம் குறைவதாலும், உப்புகிற கேக்குக்கு அளவுகளை மாற்றவேண்டி வரும். உப்பாத ஷார்ட்பிரெட்டுக்கு அந்தத் தொல்லை ஏதுமில்லை. இங்கே தொல்லை கொடுப்பது ஈரம் ஒன்றுதான். மழைக்காலத்தில் திறந்த தட்டில் ஒரு மாலை வைத்தால் மறுநாள் மொறுமொறுப்பு போய்விடும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பி வாரியம் விளைச்சல் முழுவதையும் பொதுவில் வாங்கி விற்ற காலம் ஒன்று இருந்தது. 1990களில் அந்த ஏற்பாடு நீங்கியபின், விற்கும் சுதந்திரமும் விலைச்சரிவின் பயமும் சேர்ந்தே சிறு விவசாயிக்கு வந்தன. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் உலகச் சந்தையின் விலையை மாற்ற முடியாது. ஆனால் தம் கொட்டையில் ஒரு பங்கையேனும் இங்கேயே வறுத்து, அரைத்து, ஏதாவதொரு பண்டமாக்கி விற்றால், அந்தப் பங்குக்கு விலை வைக்கிற அதிகாரம் அவர் கையில் இருக்கும். இந்த ஷார்ட்பிரெட்டில் போகிற காப்பி கொஞ்சமே, அதனால் தோட்டத்து மூட்டைகள் காலியாகிவிடும் என்று நான் ஏமாற்றமாட்டேன். வருமானம் மாவிலும் வெண்ணெயிலும் உங்கள் கைவேலையிலுமே வரும். காப்பி இதில் செய்வது, இந்த மலையில் காப்பி விளைகிறது என்று தின்பவருக்குத் தெரிவிக்கிற வேலை. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வதும், செய்த தேதியை உறையில் அச்சிடுவதும் அவசியம். அதில் சுணக்கம் காட்டினால் கடைக்காரர் வாங்கமாட்டார்.

ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு இங்கே வெளியூர் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். வருகிற விழாவில் அன்னாசிக் கடைக்கும் மிளகுக் கடைக்கும் நடுவே குழுக்கள் சேர்ந்து ஒரு கடை போடுங்கள். மாவில் மூன்றில் ஒரு பங்கு சாமை சேர்த்தது ஒரு தட்டு, பாதி சேர்த்தது ஒரு தட்டு என்று வைத்து, எது முதலில் தீர்கிறது என்று பாருங்கள். ஆடி மாதத்தில் மலையில் சாரலும் மூடுபனியும் விடாது. இறுக மூடுகிற தகர டப்பாக்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.